ஆமாம் என்று சொல்லும் வரை

அவளுக்கு முப்பத்துநாலு வயது. பத்து வருஷம் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடைபோட்டு அனுப்பிக்கொண்டிருந்தவள், கிளம்புகிற விமானங்களை எத்தனை நாள்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்ப்பது என்று வேலையை உதறிவிட்டு, விமானம் ஓட்டப் படிக்க வெளியூர் வந்துவிட்டாள். வீட்டில் அவளுக்குச் செல்லப்பெயர் சூறாவளி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் சூட்டியது. காரணம் கேட்டால், "ரெண்டு நாள் கூட இருந்து பாருங்க, தெரியும்" என்பார்.

பயிற்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வியாழக்கிழமை, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் இடது எஞ்சின் நிற்கும் வரை. நின்றுபோன எஞ்சினை முழுதாக அணைக்க ஒரு முறை உண்டு, தவறி நல்ல எஞ்சினை அணைத்துவிடக் கூடாதே. லீவரில் கை வைத்து, எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்து இருக்கைக்காரர் பார்த்து "ஆமாம்" என்ற பிறகுதான் இழுக்க வேண்டும். இவள் சொன்னாள், உடனே இழுத்துவிட்டாள். மூன்று மாதமாக அவளுக்கு ஜோடியாகப் பயிற்சி எடுக்கும் நெட்டை, ஆறடிக்கு மேல் உயரமும் அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரலும் உள்ளவர், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"சரியான எஞ்சினைத்தானே சார் அணைச்சேன்?"

"இன்னைக்குச் சரி," என்றார் பயிற்சியாளர். "திங்கக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம். அன்னைக்கும் இப்படியே செஞ்சா, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

இந்த லட்சணத்தில்தான் சனிக்கிழமை காலை கணவரும் ஏழு வயது மகளும் ஊர் பார்க்க வந்து இறங்கினார்கள். எப்போதோ எடுத்த டிக்கெட். வராதீர்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு தாளில் திட்டம் போட்டுவிட்டாள்: ஒன்பதேகாலுக்கு மணிக்கூண்டு, பத்துக்கு அருங்காட்சியகம், பதினொன்றரைக்கு ஏரி, இரண்டு மணிக்குத் திரும்பி வந்து புத்தகம்.

கிளம்பும்போது கணவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். இவள் சீப்பைப் பிடுங்கினாள்.

"அப்பாவே பின்னட்டும்மா," என்றது குழந்தை. "அவருக்கு இப்ப நல்லா வருது."

பார்த்தால் உண்மையிலேயே நல்ல பின்னல். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சீப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மணிக்கூண்டின் படிகளை மூச்சிரைக்க ஏறி, மேலே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உடனே இறங்கினார்கள். அருங்காட்சியகத்தில் ஐந்நூறு வருஷ வரலாற்றை இருபது நிமிடத்தில் முடித்தார்கள். திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் மகள் வாய்பிளந்து நிற்க, இவள் முதுகில் கை வைத்து நகர்த்தினாள். வெளியே வந்ததும் கணவர், "திமிங்கிலத்தை எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு," என்றார்.

ஏரியில் பெடல் படகு. முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும், நடுவில் திருப்புவதற்கு ஒரே ஒரு கைப்பிடி, பின்னால் மகள். கணவர் வாத்துக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். நேரம் ஆகிறதே என்று இவள் எட்டிக் கைப்பிடியைப் பிடித்து எதிர்க்கரைப் பக்கம் தள்ளினாள். வாத்துகளையே பார்த்துக்கொண்டு, ஏதோ தடுக்கிறது என்று நினைத்த மனிதர், பலமாக இந்தப் பக்கம் இழுத்தார். படகு இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வயதான தம்பதியின் படகை இடித்து, நேராகப் போய் நாணற்புதரில் சொருகிக்கொண்டது.

"விமானம் ஓட்டப் படிக்கிறேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார் கணவர்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னாலிருந்து மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ கேக்கவே இல்லையேம்மா. போன்லயும் அப்படித்தான் பண்றே."

தினமும் சாயங்காலம் போனில் அவள் மகளை வைத்துத்தான் பாடம் ஒப்பித்துப் பழகுவாள். இவள் எஞ்சின் பெயரைச் சொன்னால், பக்கத்து இருக்கைக்காரராக இருக்கும் மகள் "ஆமாம்" சொல்ல வேண்டும்.

"போன்ல என்ன பண்றேன்?"

"நான் ஆமாம்னு சொல்றதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிடறே. அதான் இப்பல்லாம் நான் சொல்றதே இல்லை. நீ கவனிக்கவே இல்லை."

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை நாளாக அந்தப் பக்கம் பதில் இல்லை என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. தன் மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படகு புதரிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, சொன்ன பக்கம் மிதித்தாள். வாத்துகளைப் பார்த்தார்கள். மகள் கேட்டதால் திரும்பவும் திமிங்கிலத்திடம் போய் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அன்று புத்தகத்தைத் தொடவே இல்லை. மறுநாள் காலை இரண்டு பேரையும் ரயிலேற்றி அனுப்பினாள்.

திங்கட்கிழமை வலது எஞ்சின் நின்றது. எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது. லீவரில் கை வைத்தாள். "வலது எஞ்சின்," என்றாள். பதில் வரவில்லை. அவள் கேட்கமாட்டாள் என்ற பழக்கத்தில் நெட்டை குனிந்து வேறு ஏதோ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இழுக்கத் துடித்தது.

"வலது எஞ்சின். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். லீவரைப் பார்த்தார், மீட்டர்களைப் பார்த்தார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். அவள் கையை அசைக்காமல் காத்திருந்தாள்.

"ஆமாம். வலது எஞ்சின்."

இழுத்தாள்.

பயிற்சியாளர் தேறியதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருவரும் சிமுலேட்டரின் இரும்புப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது நெட்டை பாதியில் நின்றார்.

"மூணு மாசமா உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன் மேடம்," என்றார். "இன்னைக்குத்தான் என்னைக் கேட்டீங்க."