சங்குக்குப் பதில் சொன்ன வான்கோழி

எர்ணாவூர் குடியிருப்பில் வசிக்கும் செங்குட்டுவனுக்கு இரண்டே சொத்து. ஒன்று, திருவொற்றியூர் கோயில் வாசலில் அவர் ஊசிமணி பாசிமணி விற்கும் இடம். இன்னொன்று, லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நார் திணித்து, ஈய ரவை போட்டு, கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை கெட்டித்தால் ஒரே வெடி. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே கிடையாது. அடுத்தவர் அதை இளக்காரமாகச் சொன்னால்தான் சுள்ளென்று கோபம் வரும்.

அந்தக் கோபத்தைக் கிளறியவர் ஸ்டானிஸ்லாஸ். கல்மண்டபத்தில் ஐஸ் வியாபாரம், எண்ணூருக்கு வடக்கே சொந்தச் சவுக்குத் தோப்பு, அதில் வான்கோழிப் பண்ணை. ஈஸ்டருக்கு வரும் புதுச் சம்பந்திக்கு வான்கோழி பிரியாணி என்று வாய்விட்டுவிட்டார். அதற்கென்றே வளர்த்த சேவல் சாம்பல் புதனன்று வேலியைத் தாண்டிப் போய், தவக்காலம் முழுக்கத் தோப்பில் ராஜாவாகத் திரிந்தது. மிச்சமெல்லாம் முட்டையிடும் பெட்டைகள். வலை போட்டார், ஆள் விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெரிய வெள்ளி மாலை கோயில் வாசலுக்கு வந்து நின்றார்.

“யோவ், உன் துப்பாக்கி சுடுமா, இல்ல சும்மா மூலைல கீதா?”

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், எலக்சன். அதுக்கு முன்னாடின்னா வரேன்.”

“உடம்புல ரவை பட்டா கறி கலீஜாயிடும். கழுத்துலதான் படணும். எத்தினி வெடி வேணும்?”

“ஒண்ணு.”

ஸ்டானிஸ்லாஸ் சிரித்துவிட்டார். “குருவி சுடுற ஆளு நீ. இத்தப் போயி ஒண்ணுல சுட்ருவியா?”

மணி கோத்துக்கொண்டிருந்த கை நின்றது. “தப்பிச்சுன்னா எலக்சன் முடிஞ்சாலும் துப்பாக்கிய வாங்கப் போமாட்டேன். ஸ்டேஷன்லயே துருப்புடிச்சுப் போவட்டும்.”

சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்துவிட்டோம் என்று செங்குட்டுவனுக்கு உறைத்தது. அந்தத் துப்பாக்கி கையில் இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை தோப்பில் துப்பாக்கியைக் கெட்டித்துவிட்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார். ஸ்டானிஸ்லாஸுக்குப் பொறுக்கவில்லை. “தேட வாணாமா?”

“சங்கு ஊதட்டும்ணே.”

ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அது அடங்குவதற்குள் தோப்பின் கிழக்கு மூலையிலிருந்து “கொளகொளகொள” என்று பதில் வந்தது.

“பெரிய சத்தம் எது கேட்டாலும் சேவல் வான்கோழி பதில் சொல்லும்ணே. தினம் மூணு ஷிப்டுக்கும் சொல்லிக்கினுதான் கீது. நீங்கதான் காது குடுக்கல.”

ஸ்டானிஸ்லாஸ் முதல் ஆளாகக் கிழக்குப் பக்கம் நடந்தார்.

கிழக்கே ஒரு புதருக்குப் பின்னால் இருவரும் பதுங்கினார்கள். செங்குட்டுவன் நாக்கை மடித்துப் பெட்டையின் குரலில் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வாலை விசிறியாக விரித்து, சிறகு தரையில் உரச, மாப்பிள்ளை மிடுக்கோடு சேவல் வந்தது. இருபது அடி தூரத்தில் நின்று கழுத்தை நீட்டியது. அவர் விசையை இழுத்தார்.

‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை.

“போச்சு,” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கடல் காற்றின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனால் சேவல் ஓடவில்லை. அந்த ‘டிக்’குக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டு நின்றது. செங்குட்டுவன் குழலைத் திருப்பவே இல்லை. சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் மணி கோக்கும் ஊசியை எடுத்து, நெருப்பு இறங்கும் துளையைக் குத்தித் துப்புரவாக்கினார். ஒரு சிட்டிகை புது மருந்து, மேலே பொறி தட்டும் புதுக் கேப்பு. கை வேலை செய்ய, நாக்கு விடாமல் பெட்டையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சேவல் மறுபடி கழுத்தை நீட்டியது.

வெடித்தது. வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மறைத்தது. பட்டதா, தப்பியதா, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புகை விலகும்வரை செங்குட்டுவன் மூச்சே விடவில்லை. விலகியபோது சேவல் நின்ற இடத்திலேயே கிடந்தது. ஸ்டானிஸ்லாஸ் ஓடிப்போய் இறகைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உடம்பில் ஒரு ரவைகூட இல்லை. செங்குட்டுவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது பெருமையில் வந்த கண்ணீர்தான், மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் அவரைக் கொண்டுவந்து விட்டவர் ஸ்டானிஸ்லாஸ். ஏட்டையா குழலை முகர்ந்து பார்த்தார்.

“காலிதானே?”

“காலிதான் சார்.”

“இந்த இரும்புக் குழாய் இன்னுமா சுடுது?”

செங்குட்டுவன் வாயைத் திறக்குமுன் ஸ்டானிஸ்லாஸ் முந்திக்கொண்டார். “சார், எங்க செங்குட்டுவன் சுட்டா சுடும். பாத்துப் பத்திரமா வைங்க.”

ஏட்டையா ரசீதை நீட்டினார். “எலக்சன் முடிஞ்சதும் மறந்துட்டு மாசக்கணக்கா வராம இருப்பீங்க. நீ எப்ப வருவ?”

“ரிசல்ட்டு வந்த மறுநாள் காலைல, சார். கதவு தொறக்கும்போது இங்க நிப்பேன்.”