டாக்டர் பூசிய டயர்

கடைத்தெருக் கோடியில் டயர் கடை வைத்திருந்தவரை ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. படித்தது எட்டாம் வகுப்பு, அதிலும் கணக்கில் கோட்டை விட்டவர். ஆனால் டிராக்டர் டயரைப் பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும். "இது வெயில்ல சும்மா நின்னே காஞ்சது", "இதை டீசல் போட்டுத் துடைச்சுத் துடைச்சே கெடுத்திருக்கீங்க", "காத்துக் கம்மியா ஓட்டினீங்க, மடிப்புல வெடிச்சுடுச்சு" என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி சொல்லிவிடுவார். டயருக்குச் சொந்தக்காரர் திருதிருவென்று விழிப்பார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் புண்ணியவான். மனுஷனுக்கு இன்னொரு கைவேலையும் தெரிந்திருந்தது. டயரைச் சுரண்டும்போது உதிரும் ரப்பர் தூளைச் சலித்து, ஒட்டுப் பசையில் குழைத்து, வெடிப்புகளுக்குள் பல்குத்தும் குச்சியால் அடைப்பார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்புப் பூச்சு. பதினைந்து வருஷத்து டயர் நேற்றுப் பிறந்தது போலப் பளபளக்கும். உள்ளே நூல் இற்றுப்போன டயருக்கு வெளியே பூசி என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? ஒன்றும் ஆகாது. வெடிக்கிற நாள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்காகவே பழைய டிராக்டரை விற்கப்போகிறவர்கள் அவரிடம் வரிசை கட்டினார்கள்.

"ஏங்க, இது தப்பில்லையா?" என்று மனைவி கேட்டால் டாக்டரிடம் பதில் தயார்.

"நான் என்ன வண்டியா விக்கிறேன்? நிக்கிற வண்டிக்குப் பூசுறேன். ஓட்டாதீங்கன்னு சொல்லித்தானே அனுப்புறேன்!"

சொல்லத்தான் செய்தார். விற்கிறவன் காதில் சொன்னார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே போய், வாங்குகிறவன் காதில் வேறு கதை சொன்னான். வாங்குகிறவன் முகத்தை டாக்டர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காதவரைக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் காதைப் பிளந்தது. எட்டிப் பார்த்தால், நீல டிராக்டர் மேல் தங்கச்சி! மூன்று ஊர் தள்ளி வாக்கப்பட்டவள். புருஷன் கால் உடைந்து படுத்ததிலிருந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வாடகை டிராக்டரில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! சொந்த வண்டி! எப்படி?" என்று குதித்து இறங்கினாள். "உன்கிட்ட முன்னாடியே சொன்னா அது நொட்டை, இது நொள்ளைம்ப. அதான் வாங்கிட்டு வந்து நிறுத்திட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் கிட்டே போனார். இடது பின்சக்கரத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கறுப்புப் பூச்சு காயுமுன் தவறிப்போய்ப் பதிந்த பெருவிரல் ரேகை. அவருடைய ரேகை. செங்கல் சூளைக்காரர் நாலு வருஷம் வெட்டவெளியில் போட்டு வைத்திருந்த வண்டி. போன மாதம்தான் அந்த வெடிப்பை அடைத்தார். குச்சி பாதி உள்ளே போனது. இதை ஓட்டுகிறவன் தொலைந்தான் என்று அப்போதே சிரித்தது ஞாபகம் வந்தது.

"எங்க ஓட்டப்போறே?"

"மேட்டுல புதுசாக் கட்டடம் கட்டுறாங்கல்ல, அங்க. தண்ணி டேங்க் பின்னாடி மாட்டினா நாலாயிரம் லிட்டர். சாயங்காலமே முதல் நடை வரேன்னு சொல்லிட்டேன்."

அந்த மேட்டுப் பாதை செங்குத்துச் சரிவு. ஒரு பக்கம் பள்ளம். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாளே! பெரிய மனுஷர் அப்போதும் குறுக்கு வழியைத்தான் தேடினார்.

தங்கச்சி உள்ளே அண்ணியோடு பேசப்போன சமயம் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டார். அவள் வந்தாள், சாவியைத் திருகினாள், மூடியைத் திறந்தாள், ஒயரைச் சொருகினாள். "கழண்டிருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் முன்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார். டயர் கடை வாசலிலேயே காற்றைப் பிடுங்கிவிடும் புத்திசாலியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? "நல்லவேளை, உன் கடை முன்னாடியே இறங்குச்சு" என்று அவளே குழாயை மாட்டிக் காற்றடித்துவிட்டாள்.

மூன்றாவதாகச் சாவியே காணாமல் போனது. தங்கச்சி இருக்கைக்கு அடியில் தேடினாள், கூடையைக் கவிழ்த்தாள். டாக்டரும் குனிந்து நிமிர்ந்து மும்முரமாகத் தேடினார். அப்போது மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, உங்க சட்டைப் பையில தொங்குதே, அது என்ன சாவி?"

தங்கச்சி இடுப்பில் கையை வைத்தாள். "அண்ணே, நான் வந்ததிலிருந்து என்ன விளையாட்டு இது? நான் வண்டி வாங்கினது உனக்குப் பிடிக்கலையா? பொறாமையா?"

பொறாமை என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. டாக்டர் கடைக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தார். பின்சக்கரத்துக்கு முன் குந்தி உட்கார்ந்து, தன் பூச்சைத் தானே நெம்பினார். கறுப்புப் பட்டை நீளமாக உரிந்து வந்தது. உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு வாய் பிளந்த வெடிப்பு. கத்தி முனையை விட்டு இழுத்தார். இற்றுப்போன நூல் கொத்தாக வந்து கையில் உதிர்ந்தது.

"இதை அடைச்சது நான்தான்" என்றார். "பாதி மேடு ஏறுமுன்ன வெடிச்சிருக்கும். டேங்க் உன்னைப் பின்னாடி இழுத்திருக்கும்."

தங்கச்சி குனிந்து, உதிர்ந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மனைவி சுவரோரம் நின்று வேறு எங்கோ பார்த்தாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் டாக்டர் உளறினார். "நீயாவது வாங்குமுன்ன ஒரு தடவை குனிஞ்சு நகத்தை வச்சுப் பார்த்திருக்கக் கூடாதா, பாப்பா? எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"குனிஞ்சேன் அண்ணே. நகத்தை வைக்கத்தான் போனேன். அதுக்குள்ள வண்டி வித்த ஆளு, இது டாக்டர் கைபட்ட டயரும்மா, பயப்படாதீங்கன்னாரு. டயர் கடை டாக்டரா, எங்கண்ணனான்னு கேட்டேன். ஆமான்னாரு." அவள் நூலைக் கீழே போட்டாள். "அப்புறம் எதுக்குப் பார்க்கணும்னு நிமிர்ந்துட்டேன்."