ஸ்டீல் கிதாரின் இரைச்சலும் எங்கள் அண்ணனும்

“...அதான் இம்புட்டு இரைச்சல். உங்க அண்ணன் கம்பியிலருந்து கைய எடுத்துட்டாக. இந்தாங்க தம்பி, சூடு ஆறுறதுக்குள்ள காப்பியக் குடுத்துட்டு வாங்க” என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

டம்ளரோடு போனேன். அண்ணன் வழக்கம்போல ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். மடியில் கிதார். கை மட்டும் கீழே தொங்கியது. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் என்னோடு உட்கார்ந்து பணியாரம் தின்றவர். இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

பழைய ஸ்டீல் கிதார் அப்படித்தான். கம்பியில் கை இருந்தால் அமைதி, எடுத்தால் ஸ்பீக்கர் பெட்டி இரையும். அதை வைத்தே அண்ணன் என்ன செய்கிறார் என்று மதினி சொல்லிவிடுவார்.

சாணார்பட்டிப் பக்கம் கனகாம்பரம் போட்ட குடும்பத்தில் மூத்தவர் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட, திண்டுக்கல்லில் ரேடியோ கடையில் சேர்ந்து தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். கோயில் பாடகர் குழுவின் ஸ்டீல் கிதார் ஒருநாள் ஊமையானபோது, கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பெட்டிக்கு அனுப்பும் அதன் பிக்கப்பைத் திறந்து பார்த்தார். காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி. அன்றிலிருந்து அறுந்த அந்தக் கம்பியைத் திரும்பச் சுற்றித் தருவதே வேலையாயிற்று. எங்கிருந்தெல்லாமோ பழைய கிதார்கள் வீடு தேடி வந்தன.

கடைசியாக வந்தது வடமதுரை உரக்கடைக்காரருடையது. இறந்துபோன அவர் அப்பா வாசித்தது.

“சுத்த வெளிநாட்டுச் சரக்குண்ணே!”

அண்ணன் மூடியைக் கழற்றினார். “காந்தம் வெளிநாடுதான் அப்பு. காயிலு நம்மூரு ரேடியோக்காரன் எவனோ சுத்துனது. கம்பி நெறத்தப் பாரு.”

உரக்கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. “அப்ப வெளிநாட்டுக் கம்பியாவே சுத்திருங்கண்ணே.”

“உங்கப்பா வாசிச்சு நீ கேட்டது எந்தச் சத்தம்?”

“இதுதான்.”

“பெறகென்ன? அதையே தாரேன்.”

அந்தக் கிதார்தான் அன்று மடியில் இருந்தது. சுற்றி முடித்துவிட்டார். அந்தச் சத்தம் வந்ததா என்று சொல்லாமலே போய்விட்டார்.

தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்த தெருவாருக்கும், செபமாலை சொல்ல வந்தவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

அண்ணனின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் உரக்கடைக்காரர் வந்தார். “ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேன் மதினி.”

“அந்தப் பெட்டியப் போடாதீக. அந்த இரைச்சல என்னால கேக்க ஏலாது.”

“எங்கப்பா சத்தம் மதினி. அண்ணனோட கடைசி வேலையும்கூட.”

மதினி அடுப்படிக்குள் போய்விட்டார். உரக்கடைக்காரர் கிதாரை மடியில் வைத்து, கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை ஓட்டி ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். “இதேதாண்ணே!” என்று அண்ணனின் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டார். கம்பியிலிருந்து கை போனதும் பெட்டி இரைந்தது, அன்றைக்குப் போலவே.

மதினி வெளியே வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.