மாஃபி பெருமாள்

வெயிலில் சுட்ட மணலின் மேல் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றினால் எழும் வாசனை, கொஞ்சம் கருகலும் கொஞ்சம் இனிப்புமாக மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். துபாயில் தேராப் பக்கம் எங்கள் மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த கால்பந்துத் திடலில், புழுதி அடங்குவதற்காக வெள்ளிக்கிழமைதோறும் அப்படித்தான் ஊற்றுவார்கள். என் பதின்மூன்றாவது வயது முழுவதும் அந்த வாசனையோடுதான் நினைவில் இருக்கிறது.

எங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய அணிக்கு நல்ல கோல்கீப்பர் வாய்த்ததே இல்லை. வாய்த்ததெல்லாம் ‘ஓட்டக்காரன்’தான். ஏழாம் எண் பனியனைப் போட்டுக்கொண்டு, பந்தைக் காலில் ஒட்டவைத்தபடி வலது ஓரத்தில் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறவனுக்கு அந்தப் பெயர். அந்தப் பனியனை யார் யார் போட்டார்கள், யாருக்குப் பிறகு யார், எவன் பெரியவன் என்று எங்கள் ஆட்கள் இன்றும் வாட்ஸப்பில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் என் மாமா சுல்தானின் பெயர்தான் எப்போதும் முதலில் நிற்கும். ஒரு இறுதி ஆட்டத்தில் அவர் ஓடிய ஓட்டத்தைச் சொல்லும்போது, அப்போது பிறந்தேயிராதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள்.

ஓடியது அவர் இல்லை.

ஊர்ச் சங்கங்கள் மோதும் போட்டி அது. அந்தந்த ஊர்க்காரன்தான் ஆடலாம் என்பது விதி. ஆட்டத்துக்கு முன் ‘பத்தாக்கா’ என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். அந்த வருஷம் மாமாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அணியை நடத்திய என் வாப்பா, எங்கள் கடையில் வெங்காயம் வாங்கிய ஒருவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, புறப்பட்டுவிட்ட கம்பெனி பஸ்ஸைத் துரத்தி ஏறியதைப் பார்த்தார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஒரு தொழிலாளர் கேம்ப்பில் சமையல் செய்துகொண்டிருந்த பெருமாள் அவர். “பத்தாக்காவா ஓடப்போவுது, காலுதானே ஓடும்” என்று சொல்லி மாமாவின் அட்டையை அவர் கையில் கொடுத்தார் வாப்பா. படம் மங்கலாக இருந்தது. இரண்டு பேருக்கும் மீசை இருந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பின்னாளில் ஒரு கம்பெனியில் ஓய்வுபெறும்வரை விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு மனிதனின் பெயரை முழுசாகவே மாற்றிய வீட்டிலிருந்து அந்த வேலைக்குப் போனேன் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

முதல் ஆட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. “சுல்தான்! சுல்தான்!” என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியும் அவர் திரும்பவேயில்லை, பந்து அவரைத் தாண்டி வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து, கடையிலும் தெருவிலும் அவரை எல்லாரும் சுல்தான் என்றே கூப்பிடவேண்டும் என்று வாப்பா உத்தரவு போட்டார். நாங்கள் பையன்கள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டோம். அவர் அரிசி பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் போய் மெதுவாகச் “சுல்தான்” என்போம், திரும்பினால் சிரிப்போம். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாளில் ‘பெருமாள்’ என்று கூப்பிட்டால்தான் அவருக்குத் தாமதமாகக் காதில் விழுந்தது.

இறுதி ஆட்டத்தன்று, அணிக்கு ஒரு கோல் என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, சாலை ஓரத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. அதை ஓட்டிவந்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் இறங்கி, எங்கள் கூட்டத்திடம் வந்து, பெருமாள் எங்கே, அவருடைய தங்கச்சி வண்டியில் இருக்கிறாள், ஏர்போர்ட்டுக்குப் போகிறாள், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இந்தியில் கேட்டார். அந்தப் பெண் ஓர் அரபி வீட்டில் வேலை செய்தவள். ஒரே நாட்டில் இருந்தும் அண்ணனைப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் லீவு கிடைத்ததில்லை. பெருமாளே கடையில் சொல்லியிருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்திலேயே எதிரணிக்காரர்கள் நின்றார்கள். வாப்பா டிரைவரைப் பார்த்துக் கையை விரித்து, “மாஃபி பெருமாள்” என்றார். இல்லை என்பதற்கு அரபியில் மாஃபி. டிரைவர் நம்பவில்லை, திடலைப் பார்த்து அவரே “பெருமாள்! பெருமாள்!” என்று கத்த ஆரம்பித்தார். அந்தக் குரலை அமுக்குவதற்காக எங்கள் கூட்டம் மொத்தமும் கைதட்டிக்கொண்டு “மாஃபி பெருமாள், மாஃபி பெருமாள்” என்று பாட்டாகவே பாடியது. நானும் பாடினேன். நல்ல குரல் எனக்கு.

வலது ஓரத்தில் அவர் ஒரு கணம் நின்று சாலைப் பக்கம் திரும்பினார். அப்போது யாரோ “சுல்தான்!” என்று கூப்பிட்டுப் பந்தைத் தள்ளிவிட, பழகிய கால்கள் ஓடிவிட்டன. நான்கு பேரை ஏமாற்றிவிட்டு அவர் போட்ட கோலைத்தான் இன்றுவரை எல்லாரும் சொல்கிறார்கள். நான் கோலைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கண்ணாடியில் ஓர் உள்ளங்கை ஒட்டியிருந்தது. வண்டி கிளம்பியபோதும் அது விலகவில்லை.

கோப்பையை வாங்கிய பிறகு அவர் வாப்பாவிடம் வந்தார். “மொதலாளி, என்னைய யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சுங்களே?”

“எல்லாரும் உன்னைய சுல்தான்னுதாம்ப்பா கூப்புட்டோம்” என்றார் வாப்பா. பொய் சொன்னதாகவும் ஆகாது.

இரண்டு நாள் கழித்து, தங்கச்சி வந்துபோனது யார் சொல்லித் தெரிந்ததோ, துவைத்து மடித்த பனியனோடு அவர் கடைக்கு வந்தார். “வா சுல்தான், உக்காரு” என்றார் வாப்பா. பெருமாள் பனியனைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், “மாஃபி சுல்தான், மொதலாளி” என்று சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார். பிறகு எங்கள் கடைப்பக்கம் அவர் வரவில்லை. பனியனை அடுத்த வருஷம் வேறொருவன் போட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் மகன் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருக்கிறேன். பழைய ஓட்டக்காரர்களுக்கு மரியாதை செய்யும் கூட்டத்தை ஓர் உணவகத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். நடைமுறை தெரிந்தவன் என்று என்னையே தலைமை தாங்கச் சொன்னார்கள். மைக் பிடித்த இளைஞன், ‘மாஃபி பெருமாள்’ என்பது நம் அணியின் ஐம்பது வருஷத்து முழக்கம் என்றும், பெருமாள் எதிரணியின் பெரிய தடுப்பாட்டக்காரன் என்றும், சுல்தான் காக்கா அவனை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டார் என்றும் விளக்கினான். மாமா தட்டில் இருந்த எலும்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்று அவர் காதில் சொன்னேன்.

“இப்பச் சொன்னா கப்பைத் திருப்பிக் கேப்பானுவளா மாப்ள?” என்றார்.

கேட்கமாட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் ஆட்டம் முடிந்த அன்றே எழுத்துமூலம் தரவேண்டும் என்பது விதி. அந்த விதி எனக்குத் தெரியும். பொன்னாடையை விரித்து மாமாவின் தோளில் என் கையாலேயே போர்த்தினேன்.

திடல் இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடி கார் நிறுத்தம். மகன் அங்கேதான் வண்டியை விட்டிருந்தான். கடையும் இல்லை, வாப்பாவும் இல்லை, ஆயில் வாசனை மட்டும் தரையில் எங்கோ கொஞ்சம் இருந்தது. பெருமாள் எங்கே இருக்கிறார், தங்கையை எப்போது பார்த்தார், எனக்குத் தெரியாது, தேடியதும் இல்லை. தமிழ் சரியாக வராத பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி, கூட்டத்தில் கற்றுக்கொண்ட முழக்கத்தைக் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் மட்டும் அவர்கள் வாயில் எழுத்துப் பிசகாமல் வந்தது.