பன்னிரண்டு புள்ளி நான்கு

பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகக் கரைசல் கலக்கிறவளை எல்லோரும் ஆசிட் அக்கா என்பார்கள். புதிதாக வந்த வேதியியல் ஆசிரியர் மட்டும் "கழுவுற அம்மா" என்பார். அந்த மனிதரைக் கண்டாலே அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வெடிக்காமல் என்ன செய்யும்?

அவர் வந்த வருடமே பாதி மேசைகளில் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது. திரையில் ஒரு குடுவை, அதில் நிறங்காட்டி விட்ட இளஞ்சிவப்புக் காரம். மேலே ப்யூரெட் என்ற அளவுக்குழாய், அதில் அமிலம். பொத்தானை அழுத்தினால் சொட்டுச் சொட்டாக விழும். சரியாகப் பத்தாவது மில்லியில் குடுவையின் இளஞ்சிவப்பு பட்டென்று மறையும். அணுக்கள் ஒன்றோடொன்று சேருவதும் தெரியும். அதைப் பார்த்து அவளே அசந்துபோனது உண்மைதான். ஆனால் வருடம் முழுக்க அதையே அழுத்திவிட்டு, நிஜக் குடுவையைத் தொடாத பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிந்தது. அவள் மகளும் அவர்களில் ஒருத்தி.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் ஆசிரியரிடம் போனாள்.

"சார், அமிலம் பழைய பாட்டில். வீரியம் குறைஞ்சிருக்கு. நானே ஊத்திப் பார்த்தேன், சிவப்பு போக பன்னிரண்டு புள்ளி நாலு மில்லி ஆகுது."

"உங்களை யாரு பார்க்கச் சொன்னா? கம்ப்யூட்டர்ல பத்து, அப்ப பத்துதான். கழுவுற வேலையை மட்டும் பாருங்க."

மறுநாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். சரியான விடை என்று ஆசிரியர் அவரிடம் நீட்டிய சீட்டில் பத்து. இருபத்துமூன்று பிள்ளைகளின் தாளிலும் பத்து. கண்ணெதிரே குடுவை சிவந்து கிடக்க, பத்தில் கையை எடுத்துவிட்டார்கள். கடைசி மேசைப் பெண் ஒருத்திதான் சிவப்பு போகும்வரை ஊற்றி, பன்னிரண்டு புள்ளி நான்கு என்று எழுதியிருந்தாள்.

"பூஜ்ஜியம் போடுங்க சார், இது எப்பவுமே இப்படித்தான்" என்றார் ஆசிரியர். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆசிட் அக்கா, பத்து எழுதியிருந்த தன் மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மகள் தோற்பாள், கல்லூரி அதோடு சரி. திறக்காவிட்டால் சரியாகச் செய்த ஒரே பிள்ளை தோற்கும்.

"சார், அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி. வேணும்னா நீங்களே ஊத்திப் பாருங்க."

தேர்வாளர் ஊற்றினார். பன்னிரண்டு புள்ளி நான்கில் சிவப்பு போனது. இருபத்துமூன்று தாள்களிலும் பூஜ்ஜியம் விழுந்தது.

"பெத்த பொண்ணு தலையிலயே மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே" என்று பல்லைக் கடித்தார் ஆசிரியர்.

"போட்டது நீங்க" என்றாள் இவள்.

வாசலில் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"உன் குடுவையும் சிவப்பாத்தானேடி இருந்துச்சு? பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டா பத்துன்னு எழுதின?"

"கம்ப்யூட்டர் தப்பா காட்டுமா? நீதான் எப்பவும்போல ஏனோதானோன்னு கலந்திருப்பேன்னு நினைச்சேன்."

அந்த ஆசிரியர் இத்தனை நாள் பேசியதில் ஒன்றுகூட அவளை இப்படிச் சுட்டதில்லை.