ஹெட் குமாஸ்தா திருத்திய காற்று

பெங்களூர்க்காரர்களிடம் குளிரைப் பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. தெருவெல்லாம் புழுதி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள். கொசு கடிக்கிறது என்று சொல்லுங்கள், அதையும் ஒப்புக்கொள்வார்கள். இந்த வருஷம் குளிர் குறைச்சல் என்று சொல்லிவிட்டால் போச்சு, அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் குறைவாகப் பேசிவிட்டது போல முகம் சிவந்துவிடும். நானும் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். மதராஸிலிருந்து வந்த மாமனார் வீட்டு மனிதர்கள் காலையில் பல் விளக்கும்போது நடுங்கினால், "இதெல்லாம் ஒரு குளிரா? நந்தி மலைக்குப் போய்ப் பாருங்கள்" என்று பெருமை அடித்திருக்கிறேன். அதுவரை நான் நந்தி மலைக்குப் போனதே கிடையாது.

போகும் பாக்கியம் ஒரு ஜனவரி மாதத்தில் வாய்த்தது. அப்போது நான் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தற்காலிகக் குமாஸ்தா. இரண்டு வருஷமாகத் தற்காலிகம். வேலை நிரந்தரமாகுமா, எப்போது ஆகும் என்று மாமனார் மாதம் தவறாமல் கடுதாசி போட்டுக் கேட்பார். நானும் மாதம் தவறாமல் "கூடிய சீக்கிரம்" என்று பதில் எழுதுவேன்.

எங்கள் ஆபீஸின் தலையெழுத்தே ஹெட் குமாஸ்தாவின் சிவப்பு மசியில் இருந்தது. ஜரிகைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, வருகிற காகிதம் ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தையாவது அடித்துத் திருத்துவார். திருத்துவதற்கு ஒன்றுமில்லாத காகிதத்தைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அவருக்கும் மேலே எஞ்சினீயர் இருந்தார். அவர் ஹெட் குமாஸ்தா திருத்தியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்.

வெளியூரிலிருந்து ஒரு பெரிய துரை தம் துரைசானியோடு வந்திருந்தார். அவர்களுக்குச் சனிக்கிழமை நந்தி மலை உச்சியில் பகல் விருந்து கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஆபீஸுக்கு உத்தரவு வந்தது. மலை விளிம்பில், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் இடத்தில், ஷாமியானா போட்டு விருந்து. காற்று அதிகமாக இருந்தால் மட்டும் மலைமேல் உள்ள சர்க்கார் பங்களாவுக்குள் கூடத்தில் விருந்து. எது என்று முடிவு செய்வதற்காக, திங்கள் முதல் ஓர் ஆள் மலையிலேயே தங்கி, தினமும் சீதோஷ்ண நிலையை எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஆளாக என்னைப் பிடித்தார்கள்.

"விருந்து நல்லபடியா முடியட்டும்ப்பா, உன் பேரை பெர்மனென்ட் லிஸ்ட்ல சேக்கறது என் பொறுப்பு" என்றார் ஹெட் குமாஸ்தா. பிறகு கன்னடம் கலந்து ஓர் எச்சரிக்கை: "சும்னே ஏதாவது எழுதி வெச்சு கெடுத்துக்காதே."

இரண்டு கம்பளி, கழுத்துக்குச் சுற்ற ஒரு மஃப்ளர், காது மூடும் குல்லாய், ஒரு டப்பா சுக்குப் பொடி என்று வீட்டில் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் துருவப் பிரதேசத்துக்குப் போகும்போதுகூட இவ்வளவு எடுத்துப்போயிருப்பார்களா தெரியாது. மலை ஏறி முடிப்பதற்குள் மஃப்ளரும் குல்லாயும் வியர்வையில் நனைந்துவிட்டன. குளிர் என்று சொல்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. விடிகாலையில் கொஞ்சம் பனிமூட்டம், எட்டு மணிக்கெல்லாம் இளவெயில், பாறையில் கை வைத்தால் வெதுவெதுப்பு. மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக் கிணற்றங்கரை இதைவிடக் குளிரும். இத்தனை வருஷம் மதராஸ் உறவினரிடம் நான் விட்ட ரீலை நினைத்துக்கொண்டேன்.

குளிருக்குப் பதில் காற்று இருந்தது. அதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிழக்கேயிருந்து வந்த அந்தக் காற்று ஜில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை. ஆனால் ஆளைச் சும்மா நிற்க விடாது. பங்களாவின் ஜன்னல் கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். கயிறு போட்டுக் கட்டினால் கயிற்றோடு சேர்ந்து அடித்துக்கொள்ளும். ஒரு கம்பளியை மடித்து உடைந்த ஜன்னலில் அடைத்தேன், அந்த வாரம் முழுவதும் கம்பளிக்கு இருந்த உபயோகம் அதுதான். டம்ளரிலிருந்து காபியை ஆற்றினால் பாதி வராந்தாவுக்குப் போய்விடும். குரங்குகள் பாறை மறைவில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, இவனுக்கு இங்கே என்ன வேலை என்பது போல உட்கார்ந்திருக்கும்.

ஷாமியானாவோடு ஒரு கலாசியையும் என்னோடு அனுப்பியிருந்தார்கள். கூடாரம் அடிக்கிற ஆள். ஸ்ரீராம்புரத்தில் வீடு, நாற்பது வயது இருக்கும், ராணுவக் கூடாரமெல்லாம் அடித்துப் பழகிய கை. வந்த அன்றே மலை விளிம்புக்குப் போய் நின்று, ஒரு பிடி காய்ந்த புல்லைப் பிய்த்து மேலே விட்டுப் பார்த்தான். புல் பள்ளத்தில் விழாமல் எங்கள் தலைக்கு மேலே போயிற்று.

"சாமி, இந்த எடத்துல நிக்காது. காத்து கீழேருந்து மேல வருது பாருங்க. துணிக்குள்ள பூந்துச்சுன்னா தூக்கிடும்."

"நான் எழுதி அனுப்பறேன்ப்பா" என்றேன்.

"நல்லா அழுத்தி எழுதுங்க சாமி. பெரியவங்க படிச்சா உள்ளயே போட்டுக்கலாம்னு சொல்லிடுவாங்க."

அன்றைக்கு நான் உண்மையிலேயே அழுத்தி எழுதினேன். இங்கிலீஷில்தான். குளிர் இல்லை, காற்று பலமாக அடிக்கிறது, விளிம்பில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலாசி அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, படிக்கட்டு வழியாக இறங்கி, அடிவாரத்தில் பெங்களூர் பஸ்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தான். தினமும் அவனுக்கு அது ஒரு வேலை.

மறுநாள் பஸ்ஸில் என் கடிதமே திரும்பி வந்தது. ஹெட் குமாஸ்தா, முப்பத்தைந்து மைல் தள்ளி, ஜன்னலைச் சாத்திய அறையில் உட்கார்ந்துகொண்டு, நந்தி மலைக் காற்றைத் திருத்தியிருந்தார். 'குளிர் இல்லை' என்பதை அடித்து 'இதமான குளிர்' என்று போட்டிருந்தார். 'காற்று பலமாக' என்பதை அடித்து 'இளங்காற்று'. பக்கத்துக்காரர் பேச்சுக் கேட்கவில்லை என்ற வாக்கியத்தின் மேல் இரண்டு கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: ஷாமியானாவுக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, அதை இனி ரத்து செய்தால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டிவரும். போன வருஷத்து அறிக்கையை மாதிரிக்காக இணைத்திருக்கிறேன், சுத்தமாக நகல் எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

போன வருஷத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இதமான குளிர், இளங்காற்று. அதை எழுதினவனும் என்னைப்போல ஒரு தற்காலிகமாக இருந்திருப்பான்.

நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் எனக்கும் கொஞ்சம் முதுகெலும்பு இருப்பதாக அப்போது நினைப்பு. ஆகவே செவ்வாய்க்கிழமை அறிக்கையில் 'நேற்றைவிடக் காற்று பலம்' என்று எழுதி அனுப்பினேன். புதன்கிழமை அதுவும் திரும்பி வந்தது. 'நேற்று இளங்காற்று என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஒரே நாளில் எப்படி மாறிற்று என்பதற்கு விளக்கம் தேவை' என்று எழுதியிருந்தார். காற்றிடம் விளக்கம் கேட்டு வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கீழே, பெர்மனென்ட் லிஸ்ட் அடுத்த வாரம் போகிறது என்றும் ஒரு வரி.

அந்த ஒரு வரியில் என் முதுகெலும்பு கரைந்துவிட்டது. பயம்தான், வேறு பெயர் சொல்லி இப்போது பூசி மெழுகப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அறிக்கையை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை அறிக்கையை நானே, யாரும் திருத்தாமலே, இதமான குளிர், இளங்காற்று என்று எழுதினேன். எழுதும்போது காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கருங்கல்லை வைத்திருந்தேன். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சீட்டு வந்தது. 'திருப்தி' என்று சிவப்பு மசியில் ஒரே ஒரு வார்த்தை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்தது. எங்கள் ஆபீஸில் அந்த வார்த்தையை வாங்கினவர்கள் அதிகம் இல்லை.

கலாசி மட்டும் தினமும் கடிதத்தை வாங்கும்போது கேட்பான்.

"காத்தைப் பத்தி எழுதினீங்களா சாமி?"

"எழுதிட்டேன்."

பொய் இல்லை, காற்றைப் பற்றித்தானே எழுதினேன்! அவன் கடிதத்தைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்து, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தக் காற்றில் ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்குவான். போக இரண்டு மணி, வர மூன்று மணி.

வெள்ளிக்கிழமை ஹெட் குமாஸ்தாவே மோட்டாரில் வந்து இறங்கினார். காலைத் தரையில் வைத்ததும் ஜரிகைத் தலைப்பாகை கிளம்பிவிட்டது. அவர் கோட்டும் பஞ்சகச்சமுமாக அதன் பின்னால் ஓட, மூன்று குரங்குகள் எழுந்து வழிவிட்டன. கலாசிதான் குறுக்கே பாய்ந்து பிடித்துக் கொடுத்தான். அதைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்து, "நல்ல இளங்காத்து, இல்லே?" என்றார். அதைப் பரிகாசத்துக்குச் சொல்லவில்லை. ஃபைலில் அப்படித்தான் இருந்தது, அவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கலாசி கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். "ஐயா, காத்து ஜாஸ்தியா இருக்குது. உள்ள போட்டுக்கலாங்களா?"

"எல்லாம் ஃபைல்ல இருக்கு. பெரியவர் பாத்தாச்சு. நீ கயித்தைப் பாரு, போ."

கலாசி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நான் எழுதியது ஃபைலில் இருக்கிறது, பெரியவர்களும் படித்துவிட்டார்கள், அப்புறமும் இங்கே போடு என்றால் அவர்களுக்குத் தெரியாததா என்ற நிம்மதி. நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன்.

அடிவாரத்திலிருந்து மூன்று கூலி ஆட்களைக் கூட்டிவந்து, வழக்கத்தைவிட இரட்டிப்பு முளை அடித்து, ஷாமியானாவை நிற்க வைத்தான். சனிக்கிழமை காலை காற்று அடங்கியிருந்தது. மலைக்கே மரியாதை தெரிந்துவிட்டது என்று ஹெட் குமாஸ்தா பூரித்துப்போனார். துரையும் துரைசானியும் எஞ்சினீயரும் வந்து அமர்ந்தார்கள். துரைசானி பள்ளத்தாக்கைப் பார்த்து ஏதோ சொல்ல, எஞ்சினீயர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

சூப் தட்டுகளை வைத்தபோது காற்று எழும்பியது. கலாசி சொன்னபடியே கீழேயிருந்து மேலே. துணி ஒரு முறை உப்பி அடங்கியது. இரண்டாவது முறை உப்பியபோது முளைகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. துரையின் தொப்பி பள்ளத்தாக்கைப் பார்க்கப் போய்விட்டது, சூப் எஞ்சினீயரின் மடியில். கூலி ஆட்கள் மூவரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். கலாசி மட்டும் விளிம்புப் பக்கத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தொங்கினான். எல்லோரும் வெளியே ஓடி வரும்வரை விடவில்லை. கடைசியில் காற்று அவனையும் சேர்த்துத் தூக்கிப் பாறையில் அடித்தது. நடுக்கம்பம் துரைசானி உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் விழுந்தது. நல்லவேளை, நாற்காலி காலி. கலாசியின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

துரை ஒரு மாதிரியான ஆள். பயம் தெளிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். மிச்ச விருந்தைப் பங்களாக் கூடத்தில் சாப்பிட்டார்கள். முதலிலேயே அங்கே சாப்பிட்டிருக்கலாம். ஆக, விருந்து நல்லபடியாகவே முடிந்தது.

திங்கட்கிழமை, சூப் கறை போகாத கோபத்தில் எஞ்சினீயர் விளக்கம் கேட்டார். ஹெட் குமாஸ்தா ஃபைலைப் பிரித்து என் முன்னால் வைத்தார். நான் மலையிலிருந்து அனுப்பிய அத்தனை அறிக்கையிலும் இளங்காற்று, எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து. சிவப்பு மசி பட்ட காகிதம் ஒன்றுகூட அதில் இல்லை.

"ஃபைல்படி காத்தே இல்லேப்பா. காத்தில்லாம ஷாமியானா விழுந்ததுன்னா கயிறு கட்டினவன் தப்பு. நீதானே அங்கே இருந்தே? நீயே டிராஃப்ட் போடு."

போட்டேன். கலாசியின் கவனக்குறைவால் முளைகள் சரியாக அடிக்கப்படவில்லை, அவனை வேலையிலிருந்து நீக்கச் சிபாரிசு செய்யலாம் என்று எழுதினேன். 'திருப்தி' வாங்கித் தந்த அறிக்கையைப்போலவே இந்தக் காகிதத்திலும் ஹெட் குமாஸ்தா ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவன் வேலை போயிற்று. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. மாமனார் சந்தோஷமாகப் பதில் எழுதினார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். பார்க்காததுபோல் போயிருப்பேன், அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான். இடது தோளில் கீரைக் கூடை, வலது கை முழங்கையோடு மடங்கியபடி நின்றிருந்தது.

"கை எப்படிப்பா இருக்கு?"

"நீட்ட வரல சாமி. வேலையும் போயிடுச்சு. மொளை சரியா அடிக்கலன்னு எவனோ எழுதி வெச்சுட்டானாம். எழுதினவன் அங்க வந்து நின்னு பாத்திருப்பானா? இருக்கட்டும். நீங்க தெனம் எழுதினீங்க, நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன். பெரியவங்க கண்ணுல படல, அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? எங்க வீட்டுலகூட சொன்னேன், அந்த ஆபீஸ்ல நமக்காக எழுதினவரு ஒருத்தரு இருந்தாருன்னு."

நான் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"ஆமாம்ப்பா, எழுதினேன்" என்றேன்.