ஒரு குரல் குறைந்த மாலை

என் மகள் ரஷ்ய மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் என் கணவரும் மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களைச் சுற்றி இருப்பவர்களின் பிள்ளைகள் படித்த படிப்புகளெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவற்றில் இது கிடையாது. "படிச்சு முடிச்சு என்னம்மா பண்ணுவே?" என்று மட்டும் கேட்டார் அவர். "பாக்கலாம்பா" என்றாள்.

எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் பல்கலைக்கழகத்தில் அவள் துறையின் கூட்ட ஏற்பாடுகளை அவளிடம் கொடுத்தார்கள். ஐரோப்பாவையும் அதற்குக் கிழக்கே ஆசியாவுக்குள் நீண்டு கிடக்கிற நாடுகளையும் பற்றி அங்கே அடிக்கடி சொற்பொழிவுகள் நடக்கும். நடுநடுவே ஒரு பாட்டு நிகழ்ச்சி, ஒரு நடனம். மைக் பார்ப்பது, மேஜையில் தண்ணீர் பாட்டில் வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கூட்டம் சேராவிட்டால் அதுவும் அவள் தலையில்தான் விழும். அப்படித்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

"அம்மா, ப்ளீஸ். ஹால் காலியா இருந்தா ரொம்ப அசிங்கம். நீ சும்மா வந்து உக்காந்திரு."

"எனக்கு அங்க என்ன புரியும்?"

"புரியவே வேணாம். தூங்காம இருந்தா போதும்."

முதலில் கேட்டது வற்றிப்போன ஒரு கடலைப் பற்றி. மத்திய ஆசியாவில் பருத்தி வயல்களுக்காக ஆறுகளைத் திருப்பிவிட்டார்கள், கடல் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய்விட்டது என்று பேசியவர் சொன்னார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், அதன் நடுவே பெரிய மீன்பிடிக் கப்பல் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. அதன் நிழலில் ஒட்டகங்கள் படுத்திருக்கின்றன. மறுநாள் ஆபீசில் ஃபைலைத் திறந்தால் அந்தக் கப்பல்தான் கண்ணில் நின்றது. அடுத்த சொற்பொழிவு எப்போது என்று நானே அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

அதன் பிறகு முடிந்தபோதெல்லாம் போனேன். பாதி புரியும், பாதி புரியாது. மாணவர்கள் நடுவில் அலுவலகப் புடவையோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து யாரோ ஒரு பேராசிரியர் என்று நினைத்துச் சில பையன்கள் வணக்கம் சொல்வார்கள். நானும் தலையசைத்து வைப்பேன்.

நவம்பரில் ஜார்ஜியாவிலிருந்து பாடகிகள் வரப்போகிறார்கள் என்று ஒருநாள் போஸ்டரோடு வந்தாள். அவர்களுடைய எழுத்து அதில் பெரிதாக அச்சாகியிருந்தது. "பாரேன், நம்ம எழுத்து மாதிரியே சுழி சுழியா இருக்குல்ல?" என்றாள். அவள் அப்பா எட்டிப் பார்த்து, "ஜார்ஜியாவா? அது அமெரிக்காவுல இல்ல இருக்கு?" என்றார். "அச்சா பாபா, அது வேற. இது கருங்கடல் பக்கத்துல" என்று அவள் சிரித்தாள்.

நிகழ்ச்சியன்று டில்லியின் காற்று பாலில் புகையைக் கலந்த மாதிரி இருந்தது. நவம்பரில் எப்போதும் அப்படித்தான். முகக்கவசத்தோடு ஆட்டோவில் வளாகத்துக்குள் போகும்போது சாலையோர முள்மரங்கள்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. கருத்தரங்க அறை வாசலிலேயே மகள் கைபேசியோடு நின்றிருந்தாள்.

"அம்மா, கதை கந்தல். மூணு பேர்ல ஒருத்தருக்குக் குரல் போயிருச்சு. நேத்து லேண்ட் ஆனதுலேந்து இருமல். இப்போ பேசவே முடியல."

"மத்த ரெண்டு பேர் பாடட்டுமே."

"முடியாதாம். அவங்க பாட்டு மூணு குரல் சேர்ந்தாத்தான் பாட்டாம்."

உள்ளே ஓரளவு கூட்டம் இருந்தது. மேடையில் மூன்று பெண்கள். மூவருமே அறுபதை நெருங்கியவர்கள், ஒரே மலைக்கிராமத்துக்காரர்கள். கறுப்பு நீள அங்கி, தலையில் கறுப்புத் துணி. குரல் போனவர் மூவரிலும் சின்ன உருவம், ஒல்லி. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்களோடு வந்திருந்த இசைப் பேராசிரியை ஆங்கிலத்தில் விளக்கினார். மூன்று குரலும் மூன்று வழியில் போகும். மேலே இருக்கும் இரண்டும் அலையும், வளையும், ஒன்றையொன்று முட்டும். அடியில் மூன்றாவது குரல் நீளமாக நின்று அவற்றைத் தாங்கும். அந்த அடிக்குரல்தான் இன்று இல்லை.

"எங்கள் ஊரில் விருந்து மேஜையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்துதான் அடிக்குரல் பிடிப்பார்கள்" என்றார் அவர். "இன்று நீங்கள் பிடிப்பீர்களா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அப்போது அந்த ஒல்லிப் பெண் எழுந்து மேடையை விட்டு இறங்கி எங்கள் முன்னால் வந்து நின்றார். மேடையிலிருந்த ஒருவர் 'ஓ' என்று ஒரு சுரத்தைக் கொடுத்தார். நாங்கள் பிடித்தோம். கரோல் பாக் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதிரி இருந்தது. அவர் முகத்தைச் சுளித்து, கையை மூடி நிறுத்தினார். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். இன்னும் கீழே, இன்னும் கீழே. மறுபடி பிடித்தோம். மறுபடி நிறுத்தினார்.

நான் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி மலைக்கோயில் பஜனையில், "மாமி, நீங்க சுருதிய விட்டு எங்கயோ போயிடறீங்க, கொஞ்சம் மெதுவா பாடுங்கோ" என்று ஒருதடவை சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு கூட்டத்தில் சத்தமாகப் பாடியதே இல்லை. அந்தப் பெண் காதைச் சாய்த்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். என் அருகில் நின்றார். என்னிடமிருந்து குரல் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படாமல் தன் விரல்களை என் நெஞ்சுக்குழியில் லேசாக வைத்து, இங்கேயிருந்து என்பதுபோல் தலையசைத்தார். என்ன செய்வது? குரலை விட்டேன்.

எப்போது சேர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று என் குரல் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் குரலும் கேட்கவில்லை. அறை முழுவதற்கும் ஒரே ஒரு குரல் இருந்தது. நாற்காலியின் இரும்புக் கை என் முழங்கைக்கு அடியில் அதிர்ந்தது. அந்தப் பெண் மறுபடி முன்னால் போய் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டாமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி மேடைக்குச் சைகை செய்தார். இரண்டு பெண்களும் ஒருவர் தோளோடு ஒருவர் சாய்ந்து பாடத் தொடங்கினார்கள்.

அது எனக்குத் தெரிந்த எந்த இசையையும் போல இல்லை. ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற மாதிரியான சுரங்கள். இரண்டு குரலும் நெருங்கி நெருங்கி வந்து ஒன்றோடொன்று உரசும்போது பல் கூசியது. இது தப்பாகப் போகிறது என்று நினைத்த இடத்தில் அவர் உள்ளங்கையைத் தாழ்த்தினார். நாங்கள் அத்தனை பேரும் ஒரு படி இறங்கினோம். உரசிய குரல்கள் விரிந்து அகன்று போயின. ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. என் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. சின்ன வயதில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தபோது அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேனாம். இந்த அறையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

 பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். ஒலிபெருக்கி அருகில் நின்றிருந்த என் மகள் மட்டும் தட்டாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே தேநீரும் பிரெட் பக்கோடாவும் வைத்திருந்தார்கள். அந்த ஒல்லிப் பெண் நேராக என்னிடம் வந்து ஏதோ கிசுகிசுத்தார். மகள் ஓடி வந்தாள். அவர்கள் தலைமுறைக்கு ரஷ்ய மொழி நன்றாகத் தெரியுமாம்.

என் மகள் ரஷ்ய மொழியில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் பாடத்தை முணுமுணுப்பாள், அவ்வளவுதான். டில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போது வார்த்தை கிடைக்காமல் 'வோ... அது என்ன சொல்லுவாங்க' என்று நின்று நின்று போவாள். இப்போது அவள் குரலே கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தப் பெண் சொன்னதற்குச் சிரித்தாள், குறுக்கிட்டாள், கையை விரித்து எதையோ விளக்கினாள். நான் பெற்று வளர்த்த பெண்ணுக்குள் எனக்குத் தெரியாத ஒரு பெரிய வீடு இருக்கிறது, அதில் எல்லா அறைக்கும் விளக்குப் போட்டிருக்கிறது என்று தோன்றியது. 

"என்ன பாட்டுன்னு கேளு" என்றேன்.

கேட்டாள். பதிலைக் கேட்டு அவளுக்கே குழப்பம். "வியாதிக்குப் பாடற பாட்டாம் அம்மா. வியாதி போறதுக்கு இல்ல, வியாதி கிட்டயே பாடறது. குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வருமே, அப்போ. அந்த வியாதிய அவங்க எஜமானருங்கன்னு சொல்லுவாங்களாம். கெஸ்ட் மாதிரி. வீட்டுல பூ வெப்பாங்க, சத்தம் போட மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. நீங்க வந்தது சந்தோஷம், சந்தோஷமாவே கிளம்புங்கன்னு பாடுவாங்களாம்."

தேநீரை மேஜையில் வைத்தேன்.

"அம்மை" என்றேன். "சொல்லு அவங்க கிட்ட. நம்ம ஊர்லயும் அப்படித்தான். வியாதின்னு சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கான்னுதான் சொல்லுவோம். வேப்பிலை வெச்சு, வீட்டச் சுத்தமா வெச்சு, மெல்லப் பேசி, குளுகுளுன்னு இருந்துட்டுப் போ தாயேன்னு கும்பிடுவோம்."

"எனக்கு செகண்ட் கிளாஸ்ல வந்துச்சே, நீ பார்க்லேந்து வேப்பிலை பறிச்சிட்டு வந்து பெட்ல போட்டியே, அதுவா?"

"அதேதான்."

அவள் அதை ரஷ்ய மொழியில் சொன்னாள். வேப்பிலைக்குச் சொல் தெரியாமல் கைபேசியில் படத்தைத் தேடிக் காட்டினாள். அந்தப் பெண் மற்ற இருவரையும் கையசைத்து அழைத்தார். மூவரும் தங்கள் மொழியில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் என் இரண்டு கன்னங்களையும் பிடித்து, ஒரு நிமிஷம் என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் எத்தனை மலை, எத்தனை பாலைவனம், எத்தனை அரசாங்கம். பிள்ளையின் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோபப்படாமல் பேசுவதை மட்டும் இரண்டு பக்கமும் யார் கற்றுக்கொடுத்தார்கள்? அந்தப் பேராசிரியையிடம் கேட்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். அது எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் குரல் போனவருக்கு மிளகு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், மிச்சத்தைத் தானும், 'பையா' என்று தான் கூப்பிடும் அவர்கள் விடுதிச் சமையல்காரரும் குடித்துவிட்டதாக மகள் வந்து சொன்னாள். வேலை செய்தது டாக்டர் கொடுத்த மாத்திரைதான்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று காலை ஆபீசுக்கு ஃபோன் வந்தது.

"அம்மா, குரல் வந்திருச்சு! டாக்ஸி வரதுக்குள்ள பாடறாங்களாம். ஜல்தி வா."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு அறை. பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. மேஜையில் டோஸ்ட் தட்டுகள்கூட எடுக்கப்படவில்லை. மூவரும் எழுந்திருக்காமல், அங்கியில்லாமல் சாதாரண ஸ்வெட்டரில், உட்கார்ந்த இடத்திலேயே ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்தார்கள். வழிப்பயணத்துக்கு முன் பாடும் பாட்டு என்று மகள் காதில் சொன்னாள். இரண்டு குரல்கள் தொடங்கின. பிறகு அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து மூன்றாவது குரல் வந்தது.

அன்று ஒரு கூடம் நிறைய ஆட்கள் சேர்ந்து நாங்கள் பிடித்தது அதன் நிழல்தான். இது தரைக்கு அடியில் எங்கோ தொடங்கி, மேஜையின் பலகைக்குள் ஏறி, என் உள்ளங்கால் வழியாக வந்தது. சமையல்கார பையா கரண்டியோடு கதவருகில் நின்றுவிட்டார். மேலே அலைந்த இரண்டு குரல்களும் இப்போது பயமில்லாமல் எங்கெங்கோ போயின. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பெரிதாக முயற்சி எதுவும் செய்யாத முகத்தோடு, அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் சேர்ந்து பாடவில்லை. பாட வேண்டும் என்றே தோன்றவில்லை.

டாக்ஸிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவர்கள் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். வண்டி கிளம்பிப் புகைமூட்டத்துக்குள் போனபின், மகள் என் கையைக் கோர்த்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் அவள் கேட்டாள்:

"அம்மா, அம்மைக்கு நம்ம ஊர்ல என்ன பாட்டுப் பாடுவாங்க? நிஜமாவே தெரிஞ்சுக்கணும். முழுசா சொல்லு."

எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.